சாவி முத்திரை, குடை முத்திரை

பிப்ரவரி 9

அன்புள்ள தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதுவது. அம்மாவுக்கு முழங்கால் வலி தவிர வேறு குறையில்லை. எனக்கு ஏதாவது குறை இருந்தால் அதையும் அம்மாவே சொல்லிவிடுவாள். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்கச் சொன்னாள். கேட்டுவிட்டேன்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா போனைப் பிடுங்கிக்கொள்கிறாள். அதனால்தான் கடிதம்.

விஷயம் இதுதான். உன் கம்பெனி எங்கள் கிட்டார் ரசிகர் சங்கத்துக்கு ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறது. 'எங்கள் கிட்டார்களை இன்னும் மேம்படுத்த என்ன செய்யலாம்?' எங்களைப் போன்றவர்களிடம் கேட்கிற கேள்வியா இது? ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் கடை மாடியில் கூடினோம். நாற்காலி போதாமல் பாதிப் பேர் டயர் மேல் உட்கார்ந்தோம். எங்கள் தலைவர் பல் டாக்டர். வீட்டில் அலமாரி நிறைய கிட்டார் வைத்திருக்கிறார், கைக்கு வருவது மூன்று பாட்டு. "மாடல்களைப் பாதியாக் குறைக்கணும். எதை வாங்குறதுன்னு தெரியாம எல்லாத்தையும் வாங்க வேண்டியிருக்கு" என்றார். சயின்ஸ் டீச்சர், மேலே பூசும் வார்னிஷ் தடிமனாக இருப்பதால் மரம் மூச்சு விட முடியவில்லை என்றார். வெட்டின மரம் எதற்கு மூச்சு விட வேண்டும் என்று ஒருவர் கேட்க, அரை மணி நேரம் சண்டை.

கடைசியில் நான் எழுந்தேன். பழைய கிட்டார்களில் கழுத்தும் உடம்பும் சேருகிற குழிக்குள் செய்தவர் பென்சிலால் தன் அடையாளத்தைக் கிறுக்கியிருப்பார். அதைப் பார்ப்பதற்காகவே நல்ல கிட்டாரின் திருகுகளைக் கழற்றிப் பிரித்துப் போடுகிற பைத்தியங்கள் நாங்கள். "அதைத் திரும்பக் கொண்டு வாங்க. செஞ்ச கை யாருதுன்னு எங்களுக்குத் தெரியணும்" என்றேன். கைதட்டல்! எல்லோரும் ஒத்துக்கொண்ட ஒரே யோசனை அதுதான். நீ அங்கே வேலை செய்வதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் டாக்டர் தள்ளுபடி கேட்பார். ஆனால் உன்னை நினைத்துத்தான் சொன்னேன்.

அடுத்த கடிதத்தில் சாப்பாட்டு விவரம் எழுது. அம்மா தொல்லை தாங்கவில்லை.

அன்புடன்,
அண்ணன்

மார்ச் 2

அண்ணா,

உன் கடிதம் கிடைத்தது. நான் நன்றாக இருக்கிறேன், நேரத்துக்குச் சாப்பிடுகிறேன். இதை அம்மாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டு.

எங்கள் கேன்டீனில் உன் கடிதத்தைப் படித்தேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள். கம்பெனியை மேம்படுத்த எங்களைக் கேட்டிருந்தால் முதலில் நாற்காலியை மாற்றச் சொல்லியிருப்போம். என் நாற்காலிக்கு ஒரு பக்கம் கால் குட்டை. நாள் முழுக்க ஊஞ்சல்தான்.

என் வேலை உனக்குத் தெரியும். கழுத்துப் பலகையில் குறுக்கே பதித்த கம்பிகளின் முனை வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். அதைச் சின்ன அரத்தால் உருட்டி, விரலைக் குத்தாமல் செய்ய வேண்டும். எங்கள் வரிசை முழுக்க இதே வேலைதான். பக்கத்து மேசை அக்காவைப் பற்றி எழுதியிருக்கிறேன் இல்லையா? நான் சேர்ந்த நாளிலிருந்து என் பக்கத்தில்தான் இருக்கிறார். வேலை செய்யும்போது ரேடியோ விளம்பரப் பாட்டுகளை முனகுவார், அதையும் வரி மாற்றி. கடிதத்தைக் கேட்டுவிட்டு, "உங்கண்ணன் நல்ல மனுஷன்டி. யாராச்சும் நம்ம பேரைக் கேட்டாங்களா இத்தனை நாளா?" என்றார். மகள் நர்சிங் படிக்கிறாள், இன்னும் ஒரு வருஷம் பாக்கி. அது முடிந்ததும் காலை நீட்டித் தூங்கப் போவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

வலது மணிக்கட்டு கொஞ்சம் மக்கர் பண்ணுகிறது. பெரிதாக ஒன்றுமில்லை. இதை மட்டும் சத்தமாகப் படிக்காதே.

இப்படிக்கு,
ஊஞ்சலில் ஆடும் தங்கை

ஏப்ரல் 21

அண்ணா,

உடம்பை விசாரிப்பதெல்லாம் அப்புறம். உன் யோசனையைக் கம்பெனி ஏற்றுக்கொண்டுவிட்டது!

மேனேஜர் எங்களை நிற்க வைத்துப் பேசினார். இனி ஒவ்வொரு கழுத்தின் அடியிலும் அதைச் செய்தவரின் முத்திரை விழும். பேர் கிடையாது, ஆளுக்கொரு சின்னப் படம். எதை வேண்டுமானாலும் கேட்கலாம் என்றதும் ஒரே களேபரம். புலி கேட்டு நாலு பேர் சண்டை போட்டார்கள். நான் சாவி கேட்டேன், அறைச் சாவி கையில் இருந்ததால். அக்கா குடை கேட்டார். "பஸ்ஸுல விட்டுட்டு வராத ஒரே குடை இதுதான்" என்றார். முத்திரை கைக்கு வந்த அன்று அதைத் தன் உள்ளங்கையில் குத்திக்கொண்டு, கையைக் கழுவாமல் வீட்டுக்குப் போய் மகளிடம் காட்டினாராம்.

என் முத்திரையை மையில் தோய்த்து உனக்காக இந்தக் கடிதத்தின் கீழே குத்தியிருக்கிறேன். பார்த்துக்கொள். உன் தங்கையின் கையெழுத்து இனி இதுதான்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

தங்கை

ஜூன் 27

அன்புள்ள சாவிக்கு,

அம்மாவும் நானும் சுகம். முழங்காலுக்குப் புது எண்ணெய் வந்திருக்கிறது. வீடு முழுக்க அந்த வாசனைதான், என் கிட்டார் உட்பட.

முத்திரை போட்ட முதல் சரக்கு கடைக்கு வந்துவிட்டது. டாக்டர் ஒன்று வாங்கினார். மாடியில் எல்லோரும் சுற்றி நின்றோம், ஆபரேஷன் தியேட்டர் மாதிரி. திருகைக் கழற்றி, கழுத்தைத் தூக்கினால் சாவி! என் நெஞ்சு அடித்துக்கொண்டதை யாரும் கவனிக்கவில்லை. நான் வாசித்தேன். கை மேலும் கீழும் அப்படியே வழுக்கிக்கொண்டு போகிறது. கண்ணாடிக் கடையில் லென்ஸின் ஓரம் தேய்க்கிறவன் நான், ஓரம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அந்த மாதிரி ஓரத்தை நான் தொட்டதில்லை.

சங்கத்து மாத இதழில் அதைப் பற்றி ஒரு பக்கம் வந்திருக்கிறது. சாவி முத்திரையை வானளாவப் புகழ்ந்திருக்கிறோம். பேர் போடாத பக்கம், சங்கத்தின் சார்பில். கூடவே சிரிப்புக்காக ஒன்றிரண்டு வரிகள். அதை விடு.

மணிக்கட்டு எப்படி இருக்கிறது? மே மாதம் முழுக்க நீ எழுதவே இல்லையே.

பெருமையுடன்,
அண்ணன்

ஜூலை 19

அண்ணா,

நலம். மணிக்கட்டு இப்போது சரியாகிவிட்டது.

உங்கள் இதழை மேனேஜர் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறார். என் மேசைக்கு வந்து எல்லோர் எதிரிலும் கை கொடுத்தார். எனக்குப் புது நாற்காலி கூட வந்துவிட்டது.

அதே பக்கத்தில் கீழே இருக்கிறதே, 'சாவி கிடைத்தால் வாங்குங்கள். குடை கிடைத்தால் கையுறையும் சேர்த்து வாங்குங்கள்' என்று, அதை எழுதியது யார்? கேன்டீனில் எல்லோரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அக்காவும் சிரித்தார். "நல்லாத்தான் எழுதியிருக்கான், எவனோ" என்றார். மத்தியானம் பாட்டு எதையும் முனகவில்லை.

நீங்கள் வாசித்த அந்தக் கிட்டார் எந்த மாதத்தது? முத்திரைக்குக் கீழே மாதம் போட்டிருக்கும். பார்த்து எழுது.

தங்கை

ஆகஸ்ட் 2

அன்புள்ள தங்கச்சிக்கு,

அம்மா நலம். எனக்கு லேசாகச் சளி, அவ்வளவுதான்.

கிட்டார் மே மாதத்தது. ஏன் கேட்கிறாய்?

குடை வரியை யார் எழுதினார் என்று சரியாகத் தெரியவில்லை. ஆளுக்கொன்று சொல்வோம், யாராவது எழுதிக்கொள்வார்கள். பேச்சோடு பேச்சாக வந்த வரி அது. யாரையும் புண்படுத்துகிற எண்ணம் இல்லை என்று அக்காவிடம் சொல்.

இங்கே நிலைமை கொஞ்சம் அத்துமீறிப் போய்க்கொண்டிருக்கிறது. மற்ற ஊர்ச் சங்கங்களும் அந்த வரியை எடுத்துப் போட்டுவிட்டன. காசு கொடுப்பதற்கு முன்னால் கழுத்தைக் கழற்றிக் காட்டச் சொல்கிறார்களாம் கடையில். குடை என்றால் அப்படியே திருப்பி மாட்டச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். சயின்ஸ் டீச்சர் குடைக் கழுத்து ஒன்றைத் தடவிப் பார்த்து, "ஆமா, குத்துது" என்றார். அவரிடமிருந்து வாங்கித் தடவின எல்லோருக்கும் குத்தியது. நானும் கடையில் ஒன்று வாசித்துப் பார்த்தேன். மோசமில்லை.

பதில் போடு.

அண்ணன்

செப்டம்பர் 5

தங்கச்சி,

சுகமா? ஒரு மாதமாகப் பதில் இல்லை. போனில் அம்மாவிடம் பேசுகிறாய், என்னிடம் கொடு என்று சொல்வதில்லை. அம்மா போனை வைத்துவிட்டு, "உன்னைப் பத்தி எதுவும் கேக்கலையேடா. என்ன பண்ணித் தொலைச்ச?" என்கிறாள்.

நான் என்ன பண்ணினேன் என்று நீயாவது சொல். திட்டியாவது எழுது.

அண்ணன்

செப்டம்பர் 28

அண்ணா,

உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுதான் சரியில்லை.

அக்காவை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். கடைகளிலிருந்து குடைக் கிட்டார்கள் பெட்டி பிரிக்காமல் திரும்பி வந்து குடோன் வாசல் வரை நிற்கின்றன. மேனேஜர் அவரைக் கூப்பிட்டு முத்திரையைத் திருப்பி வாங்கி மேசை டிராயரில் போட்டார். சாப்பாட்டு டப்பாவை மட்டும் எடுத்துக்கொண்டு அக்கா போனார். என் தோளைத் தட்டி, "நீ உன் வேலையைப் பாரு" என்றார்.

மே மாதம் ஏன் எழுதவில்லை என்று கேட்டாயே. மணிக்கட்டு வீங்கி அரத்தையே பிடிக்க முடியவில்லை, எப்படி எழுதுவேன்? மேலே சொன்னால் பேக்கிங் பக்கம் தள்ளிவிடுவார்கள். அங்கே போனவர்கள் மேசைக்குத் திரும்பி வந்ததில்லை. என் பங்கையும் அக்காதான் செய்தார். காலையில் சீக்கிரம் வந்து, சாப்பாட்டு நேரத்திலும் உட்கார்ந்து, தன்னுடையதற்குக் குடையும் என்னுடையதற்குச் சாவியும் போட்டார். மே மாதத்துச் சாவி ஒன்றுகூட நான் செய்ததில்லை. நீங்கள் வானளாவப் புகழ்ந்தது அக்காவின் கையைத்தான்.

இதை மேனேஜர் கை கொடுத்தபோதே சொல்லியிருக்க வேண்டும். நான் சிரித்துக்கொண்டு நின்றேன். அக்காவை உள்ளே கூப்பிட்டபோதாவது எழுந்து போயிருக்க வேண்டும். புது நாற்காலியில் உட்கார்ந்தபடி அரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தேன் அண்ணா. தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

அம்மாவிடம் எதுவும் சொல்லாதே.

தங்கை

அக்டோபர் 8

அன்புள்ள தங்கச்சிக்கு,

அம்மா நலமாக இருக்கிறாள். என்னைப் பற்றிக் கேட்காதே.

குடை வரியை எழுதியது நான். யாரோ என்று உன்னிடம் சொன்னது பொய். அதை எழுதுகிற நாள் வரைக்கும் குடை முத்திரை எப்படி இருக்கும் என்று நான் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. சாவியை உயர்த்திச் சொன்னால் எதையாவது தாழ்த்திச் சொல்ல வேண்டும், அப்போதுதான் படிக்கிறவன் சிரிப்பான் என்று நினைத்தேன். எனக்குத் தெரிந்த இன்னொரு முத்திரை குடை ஒன்றுதான். அதுவும் உன் கடிதத்தில் படித்தது. பேனாவுக்கு அதுதான் வந்தது, எழுதிவிட்டேன்.

அப்புறம் கடையில் ஒன்றை எடுத்து வாசித்தேன் என்று எழுதினேன் இல்லையா? மோசமில்லை என்றேன். அதுவும் முழுசு இல்லை. அருமையாக இருந்தது. மாடியில் வாசித்த சாவிக்கும் அதற்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. ஏன் என்று இப்போதுதான் புரிகிறது. கடைக்காரர் பக்கத்தில் வந்து, "என்ன சார், குத்துதா?" என்றார். "லேசா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை சங்கத்தில் எழுந்து உண்மையைச் சொன்னேன். உன் மணிக்கட்டு விஷயம் சொல்லவில்லை, என் புளுகை மட்டும். ஒருவரும் நம்பவில்லை. "குத்துதுய்யா. என் விரல் என்கிட்டயே பொய் சொல்லுமா?" என்கிறார் சயின்ஸ் டீச்சர். தங்கை அங்கே வேலை செய்கிறாள் என்று வாய் தவறிச் சொன்னேன். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, சாவி ஒன்று நேரடியாகக் கிடைக்குமா என்று கேட்டார். நான் பிடிவாதம் பிடித்ததால் இந்த மாத இதழில் மறுப்பு போட்டிருக்கிறார்கள், கடைசிப் பக்கத்தில், பழைய கம்பி விலைக்கு எடுக்கப்படும் என்கிற விளம்பரத்துக்குக் கீழே. வேடிக்கையை நம்பின ஒருவரும் மன்னிப்பைப் படிக்கக்கூட இல்லை.

கம்பெனிக்கு எழுதட்டுமா? எழுதினால் மே மாதம் வெளியே வரும், உன் வேலைக்கு உலை வைத்ததாகிவிடும். நீ எழுது என்றால் எழுதுகிறேன். வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறேன்.

உன் அண்ணன்

நவம்பர் 10

அண்ணா,

நலமாக இருக்கிறாய் என்று நினைக்கிறேன். உன் கடிதத்தின் கடைசி வரியைப் படித்ததும் கோபம் வந்தது. பாரத்தைத் தூக்கி என் தலையில் வைத்துவிட்டு நீ கையைத் தட்டிக்கொண்டாய். இத்தனை நாள் பதில் போடாததற்கு அதுதான் காரணம்.

நானே மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். மணிக்கட்டு, மே மாதம், எல்லாவற்றையும். வேலை போனால் போகட்டும் என்று பையை எடுத்துக்கொண்டுதான் உள்ளே போனேன். அவர் கதவைச் சாத்தினார். "இதை வேற யார்கிட்டயும் சொல்லாதம்மா. சாவிக்கு ஆர்டர் குவிஞ்சு கிடக்கு" என்றார். அப்புறம், "அந்தம்மா வேணும்னா வரட்டும். குடை வேண்டாம். சாவியையே போட்டுக்கட்டும்" என்றார்.

அன்றைக்கே அக்கா வீட்டுக்குப் போனேன். மாடிப்படியிலேயே உட்கார வைத்துப் பேசினார், உள்ளே மகள் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். மேனேஜர் சொன்னதைச் சொன்னேன். "மே மாசம் அதைத்தானே பண்ணேன்? வர்றேன்" என்றார். வேலை கிடைத்ததே என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். என்னால் தாங்க முடியவில்லை. கையுறை வரி எழுதியது என் அண்ணன்தான் என்று சொல்லிவிட்டேன்.

அக்கா கோபப்படவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "வாசிச்சுப் பாத்துட்டுத்தானே எழுதினாரு?"

உன் கடிதம் என் பைக்குள்ளேயே இருந்தது. நல்ல மனுஷன் என்று உன்னைச் சொன்னவர் அவர். கண்ணால் பார்க்காமல் எழுதினான் என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. "ஆமாக்கா" என்றேன்.

அக்கா தன் கட்டைவிரல் நுனியைத் தடவிப் பார்த்துக்கொண்டார். அப்புறம், "உன்னுதுன்னு பாத்துப் பாத்துச் செஞ்சேன். என்னுதை அவசரத்துல விட்டுட்டேன் போல" என்றார்.

இப்போது மறுபடியும் பக்கத்து மேசையில்தான் இருக்கிறார். ஒரு கழுத்தை முடித்ததும் முதலிலிருந்து இன்னொரு தடவை தேய்க்கிறார். கட்டைவிரலை ஓட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டுகிறார். "குத்துதா பாரு. எனக்குத் தெரிய மாட்டேங்குது" என்கிறார். இல்லைக்கா என்றால் நம்பாமல் மறுபடி வாங்கித் தேய்க்கிறார். முன்பெல்லாம் எனக்கும் சேர்த்துச் செய்தவர், இப்போது தன் பங்கையே முடிக்க முடியாமல் திணறுகிறார். சூப்பர்வைசர் முறைக்கிறார். இப்படியே போனால் இந்த வேலையும் தங்காது.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று தினமும் நினைக்கிறேன். முதலில் சொன்னது பொய் என்றால் இரண்டாவது சொல்வதையும் ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்றுதான் எடுத்துக்கொள்வார். என் வாயால் இது முடியாது.

அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

தங்கை

நவம்பர் 15

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

வணக்கம். நீங்களும் உங்கள் மகளும் நலமாக இருக்க வேண்டும். நான் உங்கள் பக்கத்து மேசைப் பெண்ணின் அண்ணன். முன்பின் தெரியாதவன் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

குடை கிடைத்தால் கையுறை வாங்குங்கள் என்று எழுதியவன் நான். எழுதும்போது உங்கள் கைவேலையை நான் தொட்டதில்லை, பார்த்ததும் இல்லை. நாலு பேர் சிரிக்க வேண்டும் என்பதற்காக எழுதினேன். நான் வாசித்துப் பார்த்துவிட்டு எழுதியதாக என் தங்கை உங்களிடம் சொன்னது, என்னைக் காப்பாற்றச் சொன்ன பொய். இதோடு அவளுக்கு நான் ஒளிக்காமல் எழுதிய கடிதத்தையும் கேட்டு வாங்கிப் படியுங்கள், நம்பிக்கை வராவிட்டால்.

குடை முத்திரை போட்ட கிட்டாரைப் பிற்பாடு வாசித்தேன். ஒரு கம்பியின் முனைகூட விரலில் தட்டவில்லை. கடைக்காரர் கேட்டபோது அதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. நீங்கள் எதையும் அவசரத்தில் விடவில்லை. உங்கள் கையில் ஒரு குறையும் இல்லை, தயவுசெய்து இரண்டாவது தடவை தேய்க்காதீர்கள்.

வருகிற சனிக்கிழமை நீங்கள் வேலை முடிந்து வெளியே வரும்போது நான் கம்பெனி வாசலில் நிற்பேன். இதையெல்லாம் உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். நீங்கள் திட்டுவதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். நான் கோழை, அது எனக்கே தெரியும். வாசல் வரை வந்துவிட்டு உங்களைப் பார்த்ததும் திரும்பிப் போய்விடுவேன் என்ற பயத்தில்தான் இதை முன்கூட்டியே எழுதி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உங்களிடம் மன்னிப்புக் கேட்க வருகிறவன்